அடுத்த மேசைக்காரருக்கு வேறு வருமானம் உண்டா?

மாதச் சம்பளத்தில் வரி பிடித்தம் போக மீதியைக் கையில் வாங்கும் நண்பர்கள் அனைவருக்கும்,



பிப்ரவரி, மார்ச் சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்று அலுவலக கேன்டீன்களில் பேச்சு ஒரே திசையில்தான் போகும். பத்து மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்த டிடிஎஸ் போதாதென்று, மிச்சமிருந்ததையும் கணக்குப் பிரிவு ஒரேயடியாகப் பிடித்திருக்கும். அந்த எரிச்சல் டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் தலையில் போய் விழும். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். ஸ்டோர்ஸில் இருப்பவர் முகூர்த்த நாள் தவறாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிறார். இன்னொருவரின் மனைவி வாட்ஸ்அப்பில் இளம்பிள்ளைச் சேலை விற்கிறார். இதெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது? 'ஒரு பெட்டிஷன் தட்டிவிட்டால் என்ன?' என்று ஒருவர் கேட்பார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அந்தக் கேள்விக்காகவே இந்த மடல். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான நேரங்களில் எழுத வேண்டியதில்லை. சில இடங்களில் எழுதாமல் இருப்பதுதான் தப்பு. எழுதுகிறவர்களில் பலர் முதல் வகைக்கு எழுதிவிட்டு இரண்டாவது வகைக்கு வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்பதுதான் குறை.

எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. சம்பளக்காரரின் வருமானம் அவர் கைக்கு வருமுன்பே அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. வரியைக் கழித்துக் கட்டுவது நிறுவனத்தின் சட்டக் கடமை. தொழில் செய்பவரோ தன் வருமானம் இவ்வளவு என்று தானே சொல்கிறார். ஒருவருக்கு நேர்மை கட்டாயப் பாடம், மற்றவருக்கு விருப்பப் பாடம் என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

ஆனால் கோபம் போய் விழும் ஆள் சரியான ஆள்தானா? டியூஷன்காரரையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 6 லட்சம், டியூஷனில் மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7,80,000. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி கிடையாது. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்தால் 12,75,000 வரை. அதாவது அவர் டியூஷன் பணத்தைக் காட்டியிருந்தாலும் அரசுக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது. காட்டாததால் ஒரு ரூபாய் போகவும் இல்லை. காட்டாதது தவறுதான், அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் 'நம் வரிப்பணத்தைத் தின்கிறான்' என்று கேன்டீனில் பேசும் அளவுக்கு அங்கே தின்பதற்கு ஒன்றும் இல்லை.

சம்பளம் பெரிதானால் கணக்கு மாறும். 18 லட்சம் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளர் வெளியே தொழில்நுட்ப ஆலோசனை சொல்லி 6 லட்சம் சம்பாதிக்கிறார் என்றால், அந்த 6 லட்சத்துக்குப் புதிய முறையில் 1,41,700 ரூபாய் வரி. ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. குறிப்பிட்ட சில தொழில்களுக்கு வந்த தொகையில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. மருத்துவம், வழக்கறிஞர் தொழில், பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. அப்படிப் பார்த்தால் வரி 63,700 ஆகக் குறைந்துவிடும். போதாததற்கு, அவருக்குப் பணம் கொடுப்பது ஒரு நிறுவனம் என்றால் பெரும்பாலும் அங்கேயே டிடிஎஸ் பிடித்து அவருடைய பான் எண்ணில் பதிந்திருப்பார்கள். அவர் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாத பணம் அது. அடுத்த மேசையிலிருந்து பார்ப்பவருக்கு இதில் எதுவுமே தெரிய வழியில்லை.

சேலை விற்கும் அம்மாவின் கதை இன்னும் எளிது. ஆண்டுக்கு 10 லட்சத்துக்குச் சேலை விற்றால் 10 லட்சம் வருமானம் என்று அக்கம்பக்கம் பேசும். சேலை வாங்கிய விலை, கூரியர், திரும்பி வந்த சேலை எல்லாம் யார் கணக்கில்? சிறு வியாபாரத்துக்கான எளிய கணக்கு முறையில் விற்பனைத் தொகையில் 8 சதவீதத்தை, வங்கி வழி வந்த பணமானால் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டினால் போதும். 60,000 முதல் 80,000 ரூபாய். அதுவும் அவருடைய வருமானமே தவிரக் கணவருடையது அல்ல. இந்திய வரிச் சட்டம் கணவனையும் மனைவியையும் தனித்தனி ஆட்களாகத்தான் பார்க்கிறது.

வருமானமே இல்லாத பணமும் வருமானம் மாதிரித் தெரியும். சீட்டு எடுத்தவர் கையில் திடீரென்று மூன்று லட்சம் புரளும். அதில் பெரும்பகுதி அவர் கட்டியதும் இனிக் கட்டப்போவதும்தான். ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடப்பதைப் பார்த்த வெளியூர்க்காரர் என்ன நினைப்பார்? கறி விருந்து, மேசை போட்டு மொய் எழுதும் ஆட்கள், இயந்திரம் வைத்து எண்ணும் அளவுக்குப் பணம். ஒரே நாளில் இவ்வளவு வருமானமா என்று வாயைப் பிளப்பார். அது வட்டியில்லாக் கடன் என்பதும், நோட்டில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் முறை வரும்போது திருப்பிச் செய்தே ஆக வேண்டும் என்பதும், செய்யத் தவறியவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பதும் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சங்கடம் இருக்கிறது. ஒருவர் சம்பாதிக்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதைக் கணக்கில் காட்டவில்லை என்பதை எப்படிப் பார்ப்பது? அவருக்கு, அவருடைய ஆடிட்டருக்கு, வருமான வரித் துறைக்கு என்று மூன்றே தரப்புக்குத் தெரிந்த விஷயம் அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்காது. ஒரு அரசு ஊழியரின் வருமான வரிக் கணக்கைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், அது தனிப்பட்ட தகவல், பொதுநலன் இருப்பதாக நிரூபித்தாலன்றித் தரத் தேவையில்லை என்று 2012-இல் தீர்ப்பாயிற்று. ஆக, 'கணக்கில் காட்டாத வருமானம்' என்று கேன்டீனில் அடித்துச் சொல்லும் எவருக்கும் அந்த வாக்கியத்தின் முதல் பாதி தெரியாது.

துறைக்குத் தெரியாதா என்றால், முன்னைவிட நிறையவே தெரியும். 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது புரியும். வங்கி வட்டி, பங்கு விற்ற பணம், டிவிடெண்ட், வாடகை, டிடிஎஸ் பிடித்த ஒவ்வொரு தொகையும் அதில் வரிசையாக நிற்கும். ஓராண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கட்டினால் வங்கி சொல்லிவிடும். 30 லட்சத்துக்கு மேல் வீடோ மனையோ பதிவானால் பதிவுத் துறை சொல்லிவிடும். 2024 நவம்பரில் வெளிநாட்டுச் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் துறை குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் மட்டும் அனுப்பியது. சோதனை இல்லை, மிரட்டல் இல்லை. 29,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வெளிநாட்டுச் சொத்தை மக்கள் தாங்களாகவே கணக்கில் காட்டினார்கள்.

துறையின் கண்ணுக்குப் படாதது ரொக்கம். அங்கேதான் மனிதத் தகவல் தேவைப்படுகிறது. அதற்கு வழியும் இருக்கிறது. வரி ஏய்ப்பு, பினாமிச் சொத்து, வெளிநாட்டில் மறைத்த சொத்து ஆகியவை பற்றி எவரும் புகார் தர, 2021 ஜனவரியில் வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே ஒரு பக்கம் திறந்தார்கள். பான், ஆதார் இல்லாதவரும் தரலாம். கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் ஓடிபியால் உறுதி செய்தால் போதும். புகாருக்கு ஓர் எண் தருவார்கள். சன்மானத் திட்டமும் உண்டு. 2018-ஆம் ஆண்டுத் திட்டப்படி உள்நாட்டு வருமான மறைப்புக்கு 50 லட்சம் ரூபாய் வரை, பினாமிச் சொத்துக்கு ஒரு கோடி வரை, வெளிநாட்டில் மறைத்ததற்கு 5 கோடி வரை. ஆனால் சன்மானத்துக்கு இணையப் புகார் போதாது. புலனாய்வுப் பிரிவில் உரிய படிவத்தில், திட்டவட்டமான விவரங்களோடு, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். சேலை வியாபாரம் பற்றியும் டியூஷன் பற்றியும் எழுதி 50 லட்சம் வாங்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்கைப் பற்றி என்ன சொல்வது!

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்குத் தொல்லை கொடுக்கவென்றே தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புகாரின் நோக்கம் எப்போதும் வரியாக இருப்பதில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும் மாதம், மதில் சுவர்த் தகராறு, பாகப்பிரிவினை, மணமுறிவு இவைதான் பெட்டிஷனுக்குப் பருவகாலம். டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2007-இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. மனைவி வீட்டார் வரதட்சிணைப் புகார் கொடுத்தார்கள். அவ்வளவு வரதட்சிணை கொடுத்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு அவர்களுக்கு வருமானம் ஏது என்று கணவர் வருமான வரித் துறைக்கு எழுதிப் போட்டார். புகார் என்னவாயிற்று என்று கேட்டு அலைந்து, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, கடைசியில் நீதிமன்றப் படியேறினார். விசாரணை நடக்கிறது என்ற ஒரே காரணத்தால் தகவலை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் முக்கியமான தீர்ப்பு. ஆனால் குடும்பச் சண்டையில் வரித் துறையையும் ஓர் ஆயுதமாக எடுக்கலாம் என்பதும் அதே வழக்கிலிருந்துதான் தெரிகிறது.

பேரில்லாமல் எழுதும் மொட்டைக் கடுதாசி நம் ஊர் அலுவலகங்களுக்குப் பழைய விருந்தாளி. அதன் தொல்லை தாங்காமல், என். விட்டல் தலைவராக இருந்தபோது, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில் ஓர் உத்தரவு போட்டது. பெயரில்லாத, பொய்ப் பெயரில் வரும் புகார்கள் மேல் நடவடிக்கை வேண்டாம், கோப்பில் போட்டு மூடுங்கள் என்பது அதன் சாரம். பதவி உயர்வு நேரத்தில் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தாலே நல்ல அதிகாரியின் கோப்பு முடங்கிப்போனதுதான் அதற்குச் சொன்ன காரணம். இடையில் கொஞ்சம் தளர்த்தியும் பார்த்தார்கள்; பிறகு பழைய இடத்துக்கே திரும்பினார்கள். வேறு நாடுகளிலும் இந்தச் சர்ச்சை உண்டு. ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2021-இல், பெயர் சொல்லாமல் வரி ஏய்ப்பைத் தெரிவிக்க நிதியமைச்சர் டான்யால் பயாஸ் ஓர் இணைய வழியைத் திறந்தபோது, பழைய கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசை நினைவுபடுத்தித் திட்டியவர்கள் ஏராளம். அண்டை வீட்டாரை அண்டை வீட்டார் வேவு பார்த்த காலத்தை வாழ்ந்து பார்த்த நாடு அது.

அரசே அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஓர் உதாரணம். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யூபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சமும் சேவை தருபவருக்கு 20 லட்சமும் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் வரவு வந்ததைக் காட்டி 29 லட்சம் கட்டச் சொன்னார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூருவில் கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின. முதல்வர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வற்புறுத்தமாட்டோம், இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வரவு வேறு, வருமானம் வேறு என்பதில் துறைக்கே இவ்வளவு குழப்பம். எதிர் வீட்டு வாசலில் நிற்கும் செருப்புகளை எண்ணி டியூஷன் வருமானத்தைக் கணக்கிடுகிறவர் எந்த மூலைக்கு?

இனி, கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது. யாரிடம்? சம்பளக்காரர்களுக்குப் போலிக் கழிவு எழுதி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்களிடம். போலி வாடகை ரசீது, பேருக்கு இருக்கும் கட்சிக்கு நன்கொடை, இல்லாத கல்விக் கடன் வட்டி, வராத நோய்க்கு மருத்துவச் செலவு. அதற்கு முந்தைய சோதனைகள் நடந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றதாகத் துறை அறிவித்தது. இவர்கள் டியூஷன்காரர்களோ சேலைக்காரம்மாக்களோ அல்ல. டிடிஎஸ் பிடிக்கிறார்கள் என்று கேன்டீனில் கொதித்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். சொந்த வீட்டில் அப்பாவோடு இருந்துகொண்டு, அவருக்கு வாடகை கொடுத்ததாக ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, ரூபாய் கைமாறாமலே கழிவு வாங்கியவர்கள் கையை உயர்த்த வேண்டியதில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டால் போதும். 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்' என்று கடைக்காரர் சொன்னதும் சரி என்று தலையாட்டியவரும் அந்தக் கடைக்காரரின் கணக்கில் வராத வருமானத்துக்குக் கூட்டாளிதான்.

தன் கை சுத்தமாக இருந்தால்தான் புகார் எழுதலாம் என்பதல்ல இங்கே வாதம். அப்படிச் சொன்னால் யாருமே எதையும் எழுத முடியாது. வரி என்ற ஒற்றை அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டு புகாரை எடை போடாதீர்கள் என்பதுதான். அந்த வருமானத்துக்காக யார் நசுங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகளையே தன் வீட்டு டியூஷனுக்கு வரச் சொல்கிறார். வராத பிள்ளைக்கு வகுப்பில் மதிப்பில்லை, செய்முறை மதிப்பெண்ணில் கை வைப்பார் என்ற பயம். இது வரிப் பிரச்சினையே அல்ல. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் தடுக்கிறது. அவர் டியூஷன் பணத்துக்குப் பைசா பாக்கியில்லாமல் வரி கட்டினாலும் தவறு தவறுதான். இங்கே எழுத வேண்டிய முகவரி வருமான வரி அலுவலகம் அல்ல. மாவட்டக் கல்வி அலுவலர், அவரும் அசையாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர். எழுதத் தயங்கும் பெற்றோர், மகனின் மதிப்பெண் கையில் இருப்பதால் தயங்குகிறார்கள். அவர்களுக்காக வெளியாள் எழுதலாம், எழுத வேண்டும்.

அரசு மருத்துவர் விஷயத்திலும் இதே நுணுக்கம்தான். பணி நேரம் முடிந்தபின் தனியாக கிளினிக் வைக்கத் தமிழ்நாட்டில் தடையில்லை. எனவே மாலையில் கிளினிக் வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்துப் புகார் எழுதுவது வெட்டி வேலை. ஆனால் பணி நேரத்தில் அரசு மருத்துவமனையில் நாற்காலி காலியாகக் கிடப்பதும், அங்கே வந்த ஏழை நோயாளியை 'சாயங்காலம் கிளினிக்குக்கு வா' என்று திருப்பி அனுப்புவதும் வேறு. அதை எழுதலாம், தேதியோடும் ஓபி சீட்டோடும்.

அரசு ஊழியர்களின் மற்றொரு வழக்கம், மனைவி பெயரில் எல்ஐசி ஏஜென்சி. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்தாலோ காப்பீட்டு ஏஜென்சி வைத்திருந்தாலோ அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. தடை இல்லை, தெரிவிக்க வேண்டும், அவ்வளவே. ஏஜென்சி கமிஷனிலும் டிடிஎஸ் உண்டு. ஆகவே இதில் வரி மறைப்பு என்று கூச்சல் போட ஒன்றுமில்லை. தெரிவிக்காமல் விட்டிருந்தால் அது துறைக்குள் தீர வேண்டிய விஷயம். அதே ஊழியர் தன் மேசைக்கு வரும் கோப்பை நகர்த்த, மனைவியிடம் பாலிசி எடுக்கச் சொன்னால்? அப்போது அது வேறு வருமானம் அல்ல, கிம்பளம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை அதற்குத்தான் இருக்கிறது.

தனியார் நிறுவனங்களில் நடப்பது இன்னொரு ரகம். ஒரே நேரத்தில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை வேலையை விட்டு அனுப்பியதாக 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார். அங்கே குற்றம் வேலை ஒப்பந்தத்தை மீறியது. வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறுவனத்தின் ரகசியம் வெளியே போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மேலதிகாரியிடம் சொல்வது உங்கள் கடமையிலேயே சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு கல்யாணத்துக்குப் போகிறவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரிய இடத்து விஷயம் என்றால் ஆபத்தும் பெரிது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பெயர் பல மேசைகளைச் சுற்றி வந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவில்லை. எனவே பெரிய புள்ளியைப் பற்றி எழுதுகிறவர் தனியாக எழுதாமல், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, ஆவணங்களின் நகல்களை வேறோர் இடத்திலும் வைத்துவிட்டு எழுதுவது நல்லது.

மீதி இருப்பது நடுவில் உள்ளவர்கள். டியூஷன்காரரைவிடப் பெரியவர்கள், ஊழல்காரர்கள் அல்லர். நல்ல சம்பளமும் வாங்கி, வெளியே கணிசமாகச் சம்பாதித்து, அதைச் சொல்லத் தேவையில்லை என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள். இவர்களில் பலர் திருடர்கள் அல்லர், அசட்டையானவர்கள். 'அதுதான் கம்பெனி டிடிஎஸ் பிடிச்சிடுச்சே' என்பதோடு கதை முடிந்ததாக நினைப்பவர்கள். இவர்கள் மேல் பெட்டிஷன் எழுதுவதைவிட, ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, 'அண்ணே, உங்க ஏஐஎஸ்ஸைத் திறந்து பார்த்தீங்களா?' என்று கேட்பது எவ்வளவோ பயனுள்ளது. நட்பு கெடாது, வரியும் வந்து சேரும்.

திருத்திக்கொள்ளச் சட்டமே வாய்ப்புத் தருகிறது. விட்டுப்போன வருமானத்தைப் பின்னால் காட்ட, புதுப்பித்த கணக்கு என்ற வசதி 2022-இல் வந்தது. முதலில் இரண்டு ஆண்டு அவகாசம். 2025-இல் அதை நான்கு ஆண்டாக நீட்டினார்கள். தானே முன்வந்து காட்டினால் வரி, வட்டி இரண்டுக்கும் மேல் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். துறை கண்டுபிடித்து, வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் அபராதம் மட்டுமே வரியைப் போல இரண்டு மடங்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அன்று சாயங்காலமே அவர் ஆடிட்டரைப் பார்க்கப் போனாலும் ஆச்சரியமில்லை.

சொல்லியும் கேட்கவில்லை, தொகை பெரிது, ரொக்கமாகவே புரள்கிறது, உங்களிடம் ரசீதோ தேதியோ கணக்கு எண்ணோ இருக்கிறது என்றால் தாராளமாக எழுதுங்கள். ஊகத்தை விட்டுவிட்டுப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எந்த விதி மீறப்பட்டதோ அந்தத் துறைக்கு எழுதுங்கள். பள்ளிக்கூடத்து அநியாயத்தை வரி அலுவலகத்துக்கு எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள், உங்கள் புகாரால் என்ன நடந்தது என்று துறை உங்களுக்கு விளக்கம் எழுதாது.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஊரில் எந்த அரசுப் பள்ளியில் பிள்ளைகளை டியூஷனுக்குக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று இரண்டு பெற்றோரிடம் விசாரியுங்கள். விஷயம் உண்மையென்றால், நீங்கள் எழுத வேண்டிய முதல் புகார் அதுதான். உங்கள் பெயரையும் முகவரியையும் போட்டு, கையெழுத்திட்டு, விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.